விகாரம் எங்கே இருக்கிறது?

1966-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை இரவு 7 மணிக்கு, ஜப்பான் தேசத்துப் பிள்ளைகள் வழக்கம்போலத் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் வந்து உட்கார்ந்து, வெள்ளியும் சிவப்புமாய் மின்னும் மேனியுடைய அல்ட்ராமேன் என்னும் மாவீரன், ஊரைத் துவம்சம் செய்யும் ஒரு பூதாகாரமான மிருகத்தை இந்த வாரமும் சம்ஹாரம் செய்யப் போகிறான் என்று காத்திருந்தார்கள். மிருகம் வந்தது, வீரனும் வந்தான், சம்ஹாரமும் நடந்தது. ஆனால் அது நடந்த விதம் வழக்கமானதாக இல்லை. வீரன் தன் இரு கைகளையும் கூப்பியவாறு நீட்ட, விரல் நுனிகளிலிருந்து தண்ணீர் பீறிட்டுப் பாய்ந்தது. பாளம் பாளமாக வெடித்த களிமண் நிலம் போன்ற தோலையுடைய அந்தப் பிராணி, தண்ணீர் பட்ட மாத்திரத்தில் துடித்து, சேற்றிலே விழுந்து, எழ முயன்று, மறுபடி விழுந்து, எட்ட நின்ற பல தேசத்துக் கொடிக் கம்பங்களை நோக்கிக் கைகளால் தவழ்ந்து போயிற்று. அதன் ஓலம் சிங்கத்தின் கர்ஜனையாகவோ யானையின் பிளிறலாகவோ இருக்கவில்லை. பச்சைக் குழந்தையின் அழுகையைப் போல் இருந்தது. அந்தப் பிராணியின் பெயர் ஜமீலா.

ஜமீலா பிறவியிலே மிருகமன்று, ஒரு மனிதன். விண்வெளிப் போட்டியில் ஒன்றையொன்று முந்திவிடத் துடித்த தேசங்களுள் ஒன்று அவனை ஆகாயக் கப்பலில் ஏற்றி அனுப்பியது. கப்பல் வழிதவறி, தண்ணீரும் காற்றும் அற்ற ஒரு கிரகத்தில் போய் விழுந்தபோது, உலகத்தார் ஏளனம் செய்வார்களே என்று அஞ்சிய அரசாங்கம், அவனைத் தேடவும் இல்லை, அவன் காணாமற் போன செய்தியை வெளியிடவும் இல்லை. தண்ணீரில்லாத இடத்தில் உயிர் தரிக்க வேண்டுமானால் உடம்பு என்னவாக மாறவேண்டுமோ அதுவாக அவன் உடம்பு மாறிற்று. பிறகு, பாழ்பட்ட கப்பலைத் தானே செப்பனிட்டுக்கொண்டு, தன்னைக் கைவிட்ட உலகத்தைப் பழிவாங்க அவன் திரும்பி வருகிறான். இந்த உண்மை தெரிந்ததும் மேலதிகாரிகளிடமிருந்து வரும் கட்டளை யாதெனில், அவன் மனிதன் என்பதை ஒருவருக்கும் சொல்லாமல், வெறும் மிருகமாகவே கொன்று புதைத்துவிடுங்கள் என்பதே. பூமியைக் காக்கும் படையிலுள்ள ஈதே என்னும் இளைஞன் அக்கட்டளை கேட்டுத் துப்பாக்கியைக் கீழே போடுகிறான். தாங்களும் நாளைக்கு எந்தக் கிரகத்திலே போய் இப்படி ஆவோமோ என்று கலங்குகிறான். முடிவில், தண்ணீருக்காக ஏங்கியே உருமாறிய ஒருவன் தண்ணீராலேயே சாகிறான். அவனுக்கு ஒரு நடுகல் எழுப்பி, மனித குலத்தின் லட்சியத்துக்கும் விஞ்ஞான முன்னேற்றத்துக்கும் தன்னை அர்ப்பணித்த வீரன் என்று அழகாகப் பொறிக்கிறார்கள். இறந்தவர்களுக்கு எப்போதும் கிடைப்பது அழகான வார்த்தைகள்தாம் என்ற பொருள்படும் ஈதேயின் வேதனையான சொற்களோடு கதை முடிகிறது. எழுதியவர் மமோரு ஸஸாகி. இயக்கியவர் அகியோ ஜிஸ்ஸோஜி.

இருபத்தைந்து நிமிஷத்துக்கும் குறைவான ஒரு சிறுவர் நாடகத்தில், பஞ்சும் ரப்பரும் சேர்த்துச் செய்த உடுப்பொன்றை மாட்டிக்கொண்டு ஒருவர் சேற்றிலே புரண்ட அந்தக் காட்சியில், எது விகாரம், யார் விகாரர் என்னும் கேள்வி கேட்கப்பட்டுவிட்டது. அரை நூற்றாண்டுக்கு மேலாக ஜப்பானியத் தொலைக்காட்சியில் வந்துகொண்டிருக்கும் இந்த மிருகங்களைப் பற்றி நான் எழுத முனைவது, அந்தக் கேள்வியைத் தமிழ் வாசகர்களும் கேட்கவேண்டும் என்னும் ஆசையினாலேயே.

இவற்றை ஜப்பானியர் கைஜூ என்று அழைக்கிறார்கள். 'கை' என்பது விசித்திரமானது, அறிவுக்குப் பிடிபடாதது என்று பொருள்படும். 'ஜூ' என்பது மிருகம். நம் மொழியில் அரக்கன், அசுரன் என்று பெயர்த்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் அந்தச் சொற்கள் இங்கே பொருந்தா. அசுரன் என்பவன் தவம் செய்து வரம் பெற்றவன், அகந்தையால் கெட்டவன், தான் செய்வது இன்னதென்று தெரிந்தே செய்பவன். கைஜூவுக்கு வரமும் இல்லை, அகந்தையும் இல்லை. அது இருக்கத் தகாத இடத்தில், இருக்கத் தகாத அளவில் வந்து நிற்கிறது. அவ்வளவே அதன் குற்றம். புயலைப் போலவும் பூகம்பத்தைப் போலவும் வருகிறது என்று சொல்லலாம். ஆயினும் புயலுக்கு முகம் இல்லை, கைஜூவுக்கு முகம் இருக்கிறது.

இந்த வமிசத்தின் மூதாதை, எல்லோரும் அறிந்த காட்ஸில்லா. 1954-ஆம் வருஷம் மார்ச் 1-ஆம் தேதி, பசிபிக் சமுத்திரத்தில் பிகினித் தீவுக் கூட்டத்தில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தபோது, தூரத்தில் சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஜப்பானியப் படகின்மேல் வெண்சாம்பல் மழையாகப் பெய்தது. அதிலிருந்த 23 பேரும் கதிர்வீச்சால் பாதிக்கப்பட்டு ஊர் திரும்ப, அவர்களுள் வானொலிக் கருவியைக் கவனித்து வந்தவர் செப்டம்பர் மாதத்தில் காலமானார். அதே ஆண்டு நவம்பர் 3-ஆம் தேதி, இஷிரோ ஹோண்டா இயக்கிய 'காட்ஸில்லா' திரைக்கு வந்தது. குண்டுச் சோதனையால் ஆழ்கடல் உறைவிடத்திலிருந்து விரட்டப்பட்ட ஒரு பழங்காலப் பிராணி டோக்கியோ நகரத்தை எரித்துச் சாம்பலாக்குவதைப் பார்த்தவர்களுள் அநேகர், ஒன்பது வருஷங்களுக்கு முன்னால் அதே நகரம் விமானக் குண்டுகளால் எரிந்ததைக் கண்ணாரக் கண்டவர்கள். அப்படத்துக்கு விசேஷக் காட்சிகளை அமைத்துக் கொடுத்த எய்ஜி ட்ஸுபுராயா என்னும் மேதை, 1963-இல் தமக்கென ஒரு நிறுவனம் தொடங்கி, 1966 ஜனவரியில் 'அல்ட்ரா க்யூ' என்ற தொடரையும், அவ்வருஷம் ஜூலையில் 'அல்ட்ராமேன்' தொடரையும் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தார். பொம்மை நகரங்களை நிர்மாணித்து, உடுப்பணிந்த நடிகர்களை அவற்றினிடையே நடமாடவிட்டுப் படம்பிடிக்கும் இந்தக் கலைக்கு ஜப்பானிய மொழியில் தொகுசாட்சு, அதாவது விசேஷப் படப்பிடிப்பு, என்று பெயர்.

'அல்ட்ரா க்யூ'வுக்கு முதலில் வைக்க நினைத்த பெயர் 'அன்பேலன்ஸ்', அதாவது சமநிலைக் குலைவு. இயற்கையின் துலாக்கோல் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் அந்தச் சாய்வு மிருக ரூபமெடுத்து வந்து நிற்கும் என்பதே அத்தொடரின் உட்கருத்து. அதிலே எனக்கு மிகவும் பிடித்தது கானேகோன் என்னும் பிராணியின் கதை. காசு என்றால் உயிரை விடுகிற ஒரு சிறுவன், சில்லறை கலகலக்கும் ஒரு விசித்திரக் கூட்டுப்புழுக் கூட்டுக்குள் இழுக்கப்பட்டு, மறுநாள் காலையில் கானேகோனாக எழுகிறான்: பணப்பையின் வாய்போல் திறந்து மூடும் தலை, நெஞ்சிலே காசின் இருப்பைக் காட்டும் ஒரு மீட்டர். நாள்தோறும் நாணயங்களைத் தின்றால்தான் அவன் உயிர் வாழலாம். அவனுடைய கூட்டாளிப் பிள்ளைகள் பயந்து ஓடிவிடவில்லை. தங்கள் சிநேகிதனாயிற்றே என்று, அவனுக்குத் தீனி போடக் காசு தேடி அலைகிறார்கள். கடைசியில் சிறுவன் மனித உருவம் திரும்பப் பெற்று ஆசையோடு வீட்டுக்கு ஓடினால், அங்கே அவனைப் பெற்றவர்கள் இருவரும் கானேகோன்களாகி நிற்கிறார்கள். யுத்தத்தில் தோற்று வறுமையில் உழன்று, அப்போதுதான் காசைக் கண்ணால் காணத் தொடங்கியிருந்த ஒரு தேசத்தில், பிள்ளைகளுக்கான நாடகத்தில் பெற்றோரைப் பார்த்து இதைச் சொல்ல ஒருவருக்குத் துணிவு இருந்தது.

இப்பிராணிகளின் உருவத்தைச் சிந்தித்து வரைந்தவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். டோரு நரிதா 1929-இல் பிறந்தவர், சிற்பி. கைக்குழந்தையாக இருந்தபோதே நெருப்பிலே இடக்கை வெந்து, அந்த வடு வாழ்நாள் முழுவதும் அவருடன் இருந்தது. முதல் 'காட்ஸில்லா' படத்தில் பொம்மைக் கட்டடங்கள் செய்யும் கூலி வேலைக்குப் போனதே இத்துறையில் அவருடைய பிரவேசம். அல்ட்ராமேனின் உருவத்தையும், அவனை எதிர்த்த மிருகங்களின் உருவங்களையும் சிருஷ்டித்த அவர், தமக்கென்று மூன்று விதிகளை வகுத்துக்கொண்டார். பூமியிலுள்ள ஒரு பிராணியை வெறுமனே பெரிதாக்கி இதுதான் கைஜூ என்று காட்டலாகாது என்பது ஒன்று. இரண்டு தலை, எட்டுக் கை என்று அவயவங்களைக் கூட்டிப் பயமுறுத்தலாகாது, ஏனெனில் அது பழங்கதைப் பூதங்களின் வழி என்பது இன்னொன்று. உடம்பு சிதைந்ததாகவோ, ரணமும் குடலும் தெரிவதாகவோ அமைக்கலாகாது என்பது மூன்றாவது.

இவற்றைச் சற்றே நின்று யோசிக்கவேண்டும். உலகத்தில் வேறு யாராயினும் ஒரு விகார மிருகத்தைப் படைக்கச் சொன்னால் முதலில் கையாளும் உபாயங்கள் இவையே: பெரிதாக்கு, கூட்டு, சிதை. இம்மூன்றையும் விலக்கிவிட்ட பிறகு மிஞ்சுவது என்ன? சுத்தமான வடிவம் மிஞ்சுகிறது. நரிதா வரைந்த மிருகங்களிடம் ஒருவிதக் கம்பீரம் இருப்பதற்கும், அவற்றைப் பார்த்த பிள்ளைகள் அருவருப்பு அடையாமல் ஆச்சரியப்பட்டதற்கும் இதுவே காரணம். காயம்பட்ட உடம்பைக் கண்டு அஞ்சப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாகாது என்று, காயம்பட்ட கையையுடைய ஒருவர் தீர்மானித்தார் என்றே நான் இதை வாசிக்கிறேன். அவர் தீட்டியதற்கு உடல் கொடுத்தவர் ரியோசாக்கு தகயாமா என்னும் ஓவியர். அவர் பட்டறையில் மிருகங்கள் உருவாயின. பண முடையால், பழைய உடுப்புகளைப் பிரித்து மாற்றிப் புதிய மிருகமாக்குவதும் அடிக்கடி நடந்தது. 1965-இல் ஒரு சினிமாவுக்காகச் செய்த பாராகோன் என்னும் மிருகத்தின் உடுப்பொன்றே, முகமும் முதுகும் மாறி மாறி, நான்கு வேறு பெயர்களில் தொலைக்காட்சியில் உலாவியது. இன்று நரிதாவின் மூல ஓவியங்கள் அவர் வளர்ந்த அவோமோரிப் பிரதேசத்தின் கலைக்கூடத்தில் கலைப்பொருள்களாகப் பாதுகாக்கப்படுகின்றன.

உருவத்திலே விகாரம் இல்லையென்றால், வேறெங்கே இருக்கிறது? இதற்குப் பதில் தேட, கதைகளை எழுதியவர்களிடம் போகவேண்டும். அல்ட்ராமேன் தொடரின் தலைமை எழுத்தாளராக விளங்கிய டெட்ஸுவோ கின்ஜோ, ஒகினாவாத் தீவில் வளர்ந்தவர். 1945-இல் அத்தீவில் நடந்த கொடும் போரைச் சிறுவனாக அனுபவித்தவர். அவருடைய தாயார் அப்போரில் ஒரு காலை இழந்தார். போர் முடிந்தபின்பு 1972 வரையில் ஒகினாவா அமெரிக்க நிர்வாகத்தின் கீழ் இருந்தமையால், டோக்கியோவுக்குப் படிக்கவரும் ஒகினாவா இளைஞன், தன் தேசத்துக்கே அயல்நாட்டான்போலப் பிரயாணப் பத்திரத்துடன் வரவேண்டியிருந்தது. இப்பக்கமும் சேராமல் அப்பக்கமும் சேராமல் நின்ற அத்தகைய ஒருவர், பூமிக்கு வெளியிலிருந்து வருகிறவர்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால், அந்தக் கதைகளில் பகைவனுக்கும் ஒரு நியாயம் இருக்கத்தானே செய்யும்?

கின்ஜோ தலைமை எழுத்தாளராக இருந்த அல்ட்ராமேன் தொடரின் இரண்டாம் வாரக் கதையில் வரும் பால்டன் கிரகத்தார், தங்கள் நாட்டு விஞ்ஞானி ஒருவனுடைய அணுச் சோதனையால் கிரகத்தையே பறிகொடுத்து அலைகிற அகதிகள். நண்டின் கொடுக்குக் கைகளையும், கூம்பிய தலையையும், விட்டு விட்டுக் கேட்கும் சிரிப்பையும் உடைய அவர்கள் பூமியில் குடியேற அனுமதி கேட்க, நம்முடைய சட்டங்களுக்குக் கட்டுப்பட்டால் இருக்கலாம் என்று பூமியின் படைவீரன் சொல்கிறான். அப்புறம் எத்தனை பேர் என்று கேட்கிறான். 203 கோடி என்று பதில் வருகிறது. பேச்சு அங்கே முறிந்துவிடுகிறது. அந்த உரையாடலில், உயிர் என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று பால்டன் கேட்கும் ஓரிடம் வருகிறது. அந்தக் கேள்விதான் அவனை விகாரன் ஆக்குகிறதே ஒழியக் கொடுக்குகள் அல்ல. ஆயினும், உயிரின் அர்த்தம் தெரிந்த நம் பக்கத்தார் அந்த 203 கோடி உயிர்களுக்குச் செய்த முடிவு என்ன என்பதை நினைத்துப் பார்த்தால், மனம் நிம்மதி கொள்வதில்லை. கின்ஜோ தாமே 1968-இல் 'அல்ட்ரா செவன்' தொடருக்கு எழுதிய நோன்மால்ட் கதையிலோ, பூமியின் ஆதிக் குடிகள் கடலடியில் வாழும் வேறொரு இனத்தார் என்றும், அவர்களைத் துரத்திவிட்டு நிலத்தைப் பிடித்துக்கொண்டவர்களே மனிதர்கள் என்றும் ஒரு சிறுவன் வந்து சொல்கிறான். பூமியின் படைத்தலைவர் அதைக் கேட்டும் கேளாதவர்போல், கடலடி நகரத்தை அழித்து வெற்றி முழக்கம் செய்கிறார். கின்ஜோ 1969-இல் ஒகினாவாவுக்கே திரும்பிச் சென்று, 1976-இல், 37-ஆம் வயதில் மறைந்தார்.

எல்லாக் கதைகளும் இவ்வளவு துக்ககரமானவை என்று வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். குன்றைப்போல் கனத்து ஊர் நடுவில் விழுந்து, எதைச் செய்தும் நகராமல் தூங்குகிற ஸ்கைடன் போன்ற ஹாஸ்ய மிருகங்களும் உண்டு. வலிமையொன்றே லட்சணமாக உடைய முரட்டு மிருகங்களும் ஏராளம். ஆனால் ஸீபோஸு என்னும் எலும்புக்கூட்டு மிருகத்தின் கதை வேறு ரகம். விண்வெளியில், இதுவரை அல்ட்ராமேனால் மாண்ட மிருகங்களெல்லாம் மிதந்துகொண்டிருக்கும் ஒரு மயானம் இருக்கிறது. அதைக் கண்டு மனம் நொந்த படைவீரர்கள், தாங்கள் கொன்ற மிருகங்களுக்கு ஒரு பௌத்த பிக்ஷுவை அழைத்து, படங்களை வைத்து, நீத்தார் சடங்கு செய்கிறார்கள். மயானத்திலிருந்து தவறிப் பூமியில் விழுந்த ஸீபோஸுவோ யாரையும் தாக்குவதில்லை. வானத்தைப் பார்த்துப் பார்த்து, தாயைப் பிரிந்த பிள்ளைபோல் கால்களை இழுத்துக்கொண்டு நடக்கிறது. அந்த வாரம் முழுவதும் எல்லோரும் பாடுபடுவது அதைக் கொல்வதற்கன்று, ராக்கெட்டில் வைத்து அதன் வீட்டுக்கு அனுப்புவதற்கே.

மிருகத்துக்குத் திதி கொடுப்பதாவது என்று நமக்குத் தோன்றலாம். ஜப்பானியருக்கு அது புதிதன்று. தையற்காரர்கள் முறிந்துபோன ஊசிகளை வருஷத்துக்கு ஒருநாள் கோயிலுக்கு எடுத்துச்சென்று, மிருதுவான தோஃபுவிலே செருகி, உழைத்ததற்கு நன்றி சொல்லி விடைகொடுப்பது அங்கே இன்றும் உள்ள வழக்கம். அநியாயமாகச் செத்தவர்களின் ஆவி சீற்றங்கொண்டு இடியாகவும் கொள்ளைநோயாகவும் வரும் என்றும், அதை அடக்க வழி பகைப்பதன்று, வணங்குவதே என்றும் நம்பி வந்தவர்கள் அவர்கள். பொய்க்குற்றம் சாட்டப்பட்டு, தலைநகரிலிருந்து துரத்தப்பட்டு 903-இல் இறந்த ஸுகவாரா மிச்சிஸானே என்னும் பண்டிதர், அரண்மனைமேல் இடியாக விழுந்தார் என்று அஞ்சி, அவரைத் தெய்வமாக்கிக் கோயில் எடுத்தார்கள். இன்று பள்ளிப் பிள்ளைகள் பரீக்ஷையில் தேற வேண்டிக்கொள்ளும் கல்வித் தெய்வம் அவரே. இந்தப் பாரம்பரியத்தின் ஒரு கிளையாகவே நான் ஜமீலாவையும் ஸீபோஸுவையும் காண்கிறேன்: விகாரம் என்பது, உரிய மரியாதை கிட்டாமற்போன ஒரு ஜீவனின் நிலை.

இவ்வளவு நல்லதைச் சொன்னபிறகு, இக்கலைஞர்கள் தவறிய ஓரிடத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1967 டிசம்பரில் ஒளிபரப்பான 'அல்ட்ரா செவன்' தொடரின் 12-ஆம் கதையில், ஸ்பெல் என்னும் கிரகத்தார் தாங்களே வெடித்த குண்டின் கதிர்வீச்சால் ரத்தம் கெட்டு, பூமியிலுள்ளோரின் ரத்தத்தைத் திருட வருகிறார்கள். அவர்களுடைய வெள்ளை உடம்பில் ஆங்காங்கே தீப்புண் ஆறிய தழும்புகள் இருந்தன. ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் உயிர்தப்பியவர்கள் தங்கள் கழுத்திலும் கையிலும் சுமந்த தழும்புகளை அவை அப்படியே நினைவூட்டின. 1970-இல் ஒரு சிறுவர் மாத இதழின் இணைப்பாக வந்த சீட்டில், அணுகுண்டால் தாக்குண்டவர்களைக் குறிக்கும் அதே சொல்லை முன்னே சேர்த்து அவர்களுக்குப் பெயர் சூட்டியிருந்ததும், பாதிக்கப்பட்டோர் கொதித்தெழுந்தார்கள். அந்தக் கதை அன்று நிறுத்தப்பட்டதுதான், இன்றுவரை வெளியிடப்படவில்லை. நடந்தது நியாயம் என்பதே என் எண்ணம். கதை எழுதியவர்களின் நோக்கம் குண்டைக் கண்டிப்பதாகவே இருந்திருக்கலாம். ஆனால் மேலே சொன்ன மூன்றாவது விதியை மீறி, புண்பட்டவனின் புண்ணையே விகாரத்தின் அடையாளமாக்கிய க்ஷணத்தில், நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லாமல் போயிற்று.

இதற்கு நேர் எதிர்த் துருவத்தில் நிற்பது, 1971 நவம்பர் 19-ஆம் தேதி 'திரும்பி வந்த அல்ட்ராமேன்' தொடரில் ஒளிபரப்பான 33-ஆம் கதை. எழுதியவர் ஷோஸோ உயேஹரா, அவரும் ஒகினாவாக்காரர். ஆலைப் புகை சூழ்ந்த ஆற்றங்கரையில், தாய் தகப்பனற்ற ஒரு சிறுவன் நாள்தோறும் மண்ணைத் தோண்டிக்கொண்டிருக்கிறான். அவன் வேற்றுக்கிரகத்தான் என்று ஊரில் வதந்தி. பெரிய பையன்கள் அவனைக் கழுத்தளவு புதைத்துச் சேற்றுநீரை ஊற்றுகிறார்கள். அவன் காய்ச்சிய கஞ்சியை மிதித்துக் கொட்டுகிறார்கள். ரொட்டி கேட்டுப் போனால் கடைக்காரி விற்க மறுக்கிறாள். அவளுடைய மகள் மட்டும் பின்னாலேயே ஓடிவந்து ஒரு ரொட்டியைக் கொடுக்கிறாள். இரக்கமா என்று அவன் தயங்க, எங்களுடையது ரொட்டிக் கடை, விற்கத்தானே செய்கிறோம் என்கிற பாவனையில் அவள் பதில் சொல்கிறாள். அந்தக் கதை முழுவதிலும் மனிதத்தன்மை என்று சொல்லத்தக்கது ஊராரிடமிருந்து வெளிப்படுவது அந்த ஓரிடத்தில்தான்.

உண்மையில் வேற்றுக்கிரகத்தார், சிறுவனோடு குடிசையில் இருக்கும் நோயாளிக் கிழவர். வானிலை ஆராய வந்த அவர், முருச்சி என்னும் மிருகத்திடமிருந்து சிறுவனைக் காப்பாற்றி, அம்மிருகத்தைத் தம் சக்தியால் பூமிக்கடியில் அடக்கி வைத்து, பின்பு ஆலைக் கழிவின் விஷத்தால் உடல் நலிந்து, புதைத்துவைத்த தம் கப்பலைத் தாமே எடுக்கமுடியாத நிலைக்கு வந்திருக்கிறார். சிறுவன் தோண்டுவது அந்தக் கப்பலுக்காகவே. ஊரார் கழியும் தடியுமாய்த் திரண்டு சிறுவனை இழுத்துப்போக, கிழவர் தாமே வெளியே வந்து, நான்தான் அவன், பையனை விட்டுவிடுங்கள் என்கிறார். ஒரு போலீஸ்காரரின் துப்பாக்கி வெடிக்கிறது. கிழவர் இறந்ததும், அவர் அடக்கி வைத்திருந்த முருச்சி பூமியைப் பிளந்துகொண்டு எழுகிறது. இப்போது அதே ஊரார், காப்பாற்றுங்கள், காப்பாற்றுங்கள் என்று கதறுகிறார்கள். அல்ட்ராமேனாக மாறவேண்டிய வீரனோ அசைய மறுத்து உட்கார்ந்திருக்கிறான். வந்திருப்பது மிருகமல்ல, கிழவரின் கோபமே மிருக ரூபத்தில் வந்திருக்கிறது என்று அவனுக்குத் தோன்றுகிறது.

1923-இல் டோக்கியோவையும் யோக்கோஹாமாவையும் அழித்த பெரும் பூகம்பத்தின்போது, கிணறுகளில் நஞ்சு கலக்கிறார்கள் என்ற வதந்தியை நம்பி, கொரியர்களைச் சாதாரணக் குடிஜனங்களே கழியும் வாளும் ஏந்திக் கொன்றார்கள். உயேஹரா அந்தப் படுகொலையை மனத்தில் வைத்தே இந்தக் கதையை எழுதினார்; கிழவருக்கு அவர் இட்ட கனயாமா என்னும் பெயரே, ஜப்பானில் வாழும் கொரியர் பலர் தாங்கிய பெயர்களுள் ஒன்று. வீரன் இறுதியில் எழுந்துபோய் மிருகத்தைக் கொல்லத்தான் செய்கிறான். ஆனால் கதை அங்கே முடியவில்லை. மறுபடி பகலாகிறது, சிறுவன் மறுபடி தோண்டுகிறான். அவன் கப்பலைக் கண்டெடுத்து அந்தக் கிழவரின் கிரகத்துக்குப் போய்ச் சேரும்வரை தோண்டிக்கொண்டே இருப்பான் என்று தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் பேசிக்கொள்கிறார்கள்.

அதே 1971-இல், ஏப்ரல் 3-ஆம் தேதி, வேறொரு வகை விகாரம் பிறந்தது. சித்திரக்கதை ஆசிரியர் ஷோதாரோ இஷினோமோரியின் 'காமென் ரைடர்', அதாவது முகமூடிச் சவாரிக்காரன், தொடரிலே வருபவை கைஜூக்கள் அல்ல, கைஜின்கள். 'ஜின்' என்றால் மனிதன். வானளாவிய மிருகம் இங்கே இல்லை. ஆள் உயரத்தில், சிலந்தியும் மனிதனும் கலந்தவனும், வௌவாலும் மனிதனும் கலந்தவனும், வீட்டுக்குள்ளேயே நுழைந்து வருகிறார்கள். மலை பெயர்ந்து வந்தால் ஊரோடு ஓடிவிடலாம். நமக்குப் பக்கத்து நாற்காலியில் இருப்பவர் கைஜின் ஆனால் எங்கே ஓடுவது? ஷாக்கர் என்னும் ரகசிய சங்கம், தேர்ந்தெடுத்த மனிதர்களைக் கடத்திப்போய், மேஜைமேல் கிடத்தி, உடலை அறுத்து இயந்திரங்களைப் பொருத்தி, மூளையையும் கழுவித் தன் அடிமைகள் ஆக்குகிறது. நாயகன் தகேஷி ஹோங்கோவும் அதே மேஜையில் கிடந்தவனே! வெட்டுக்கிளியாக அவன் உடம்பை மாற்றி முடித்து, மூளையைத் தொடுவதற்கு முன்னால் அவன் தப்பிவிட்டான். வித்தியாசம் அது ஒன்றே. வீரனும் அவன் வாரந்தோறும் கொல்லும் விகாரர்களும் ஒரே பட்டறையில் ஆன சகோதரர்கள். இஷினோமோரி தாமே வரைந்த சித்திரக்கதையில், சினம் மூளும்போது நாயகனின் முகத்தில் அறுவைத் தழும்புகள் எழுந்து தெரியும். அவற்றை மறைக்கவே அவன் முகமூடி தரிக்கிறான். தழும்பு இங்கே விகாரனைக் காட்டிக்கொடுக்கும் அடையாளமன்று. நியாயத்தின் பக்கம் நிற்பவன் வெட்கத்தோடு சுமப்பது.

அந்த வம்சத்தில் 2000-ஆம் ஆண்டு வந்த 'காமென் ரைடர் கூகா' தொடர், நான் இதுவரை சொல்லி வந்ததற்கு ஒரு மறுப்பைப்போல் நிற்பது. அதிலே வரும் குரோங்கி இனத்தாரை யாரும் கைவிடவில்லை; யாரும் விகாரப்படுத்தவில்லை. அவர்களுக்குத் தனி மொழி உண்டு. ஒன்பதை அடியாகக் கொண்ட தனி எண்முறை உண்டு. அந்தஸ்து வரிசை உண்டு. இத்தனை நாகரிகமும் அவர்களுக்குப் பயன்படுவது ஒரே விளையாட்டுக்காக: இத்தனை நாளில், இன்ன விதிப்படி, இத்தனை மனிதர்களைக் கொல்வது என்று பந்தயம் கட்டி, கணக்குப் பலகையில் மணி நகர்த்தி எண்ணுகிறார்கள். பசியோ பழியோ பயமோ காரணமில்லை. அவர்கள் உடலமைப்பு மனிதருடையதற்கு மிக நெருங்கியது என்று தெரியவரும்போது வரும் அச்சம், ஆயிரம் கொம்புகளால் வராது. எதிர்த்து நிற்கும் யூஸுகே கோதாயோ, பிறர் முகத்தில் புன்னகை காண்பதற்காகவே வாழும், அடிப்பதை வெறுக்கும் இளைஞன். கடைசிச் சண்டையில் பனி மலைமேல் அவனும் ஒரு குரோங்கியும் குத்திக்கொள்ள, கவசங்களுக்குள்ளே இருக்கும் இரண்டு மனித முகங்கள் நமக்குக் காட்டப்படுகின்றன. ஒரு முகம் சிரிக்கிறது. மற்றொன்று அழுதுகொண்டே அடிக்கிறது. விகாரம் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு இதைக்காட்டிலும் தெளிவான விடையை இத்துறையில் நான் கண்டதில்லை. பிறன் வலி தனக்கு வலிக்காத இடத்தில் இருக்கிறது அது. ரூபம் எதுவானாலும் சரி.

2003-இல் வந்த 'காமென் ரைடர் ஃபைஸ்' இன்னும் ஒருபடி போயிற்று. அங்கே செத்துப் பிழைத்த மனிதர்களே விகாரர்கள். நாயகனும் அவர்களுள் ஒருவன் என்பது நடுவிலே தெரியவருகிறது. யார் பக்கம் நிற்பது என்று ஒவ்வொருவரும் தாமே தீர்மானித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

கழுத்தில்லாமல் தோளோடு தலை ஒட்டியிருக்கும் ஜமீலாவின் உருவத்தை, சட்டைக் கழுத்தைத் தலைக்குமேல் இழுத்து, முகம் மட்டும் வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டால் யாரும் எளிதில் போட்டுவிடலாம். ஜப்பானியப் பிள்ளைகள் பல தலைமுறையாக அப்படி விளையாடி வருகிறார்கள். இவற்றைப் பார்க்க விரும்பும் வாசகர்களுக்கு நான் செய்துகொள்ளும் விண்ணப்பம் ஒன்று உண்டு. நூற்றுக்கணக்கான கதைகள் கிடக்கட்டும். முதலில் ஜமீலா வரும் அல்ட்ராமேனின் 23-ஆம் கதையையும், 'திரும்பி வந்த அல்ட்ராமேன்' தொடரின் 33-ஆம் கதையையும் தேடி எடுங்கள். வீட்டிலுள்ள பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பாருங்கள். சேற்றிலே விழுந்து அந்தப் பிராணி அழும்போது, அது ஏன் அழுகிறது என்று குழந்தை உங்களைக் கேட்டால், பொம்மைதானே என்று சொல்லி வாயை அடைத்துவிடாதீர்கள். அவன் ஒரு மனிதன், அவனைத் தேடிப் போகவேண்டியவர்கள் போகவில்லை என்று உள்ளபடியே சொல்லுங்கள்.